தோற்ற அரக்கனுக்கு எங்கே இடம்? பழனி மலையில் ஒரு ஜெர்மன் தேவதைக் கதை

பூம்பாறைக்கு மேலே, மன்னவனூர் போகும் வழியில் இருக்கும் ஓர் ஊரின் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு நாடகம் போட வேண்டியிருந்தது. நடிப்பவர்கள் பெரும்பாலும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். தமிழாசிரியை என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. வில்ஹெல்ம் ஹௌஃப் எழுதிய 'குளிர்ந்த இதயம்' என்ற ஜெர்மன் கதையை எடுத்தேன். ஒத்திகை நடந்த வாரங்களில் பிள்ளைகள் கதையின் பெரும்பகுதியை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். சில இடங்களில் நடிக்கவே மறுத்தார்கள். ஓரிடத்தில் கதையையே மாற்றினார்கள். மறுப்பும் மாற்றமும் கிளம்பிய இடங்களில் எல்லாம் ஒரு தெய்வமோ, ஆவியோ, அரக்கனோ நின்றது. அன்றன்று இரவே எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து இதை எழுதுகிறேன்.

பாட்டி சொல்லிப் பாட்டி கேட்ட கதைகளும், ஓர் எழுத்தாளர் உட்கார்ந்து எழுதிய தேவதைக் கதைகளும் வேறு வேறு. வாய்மொழிக் கதையில் வரும் பேய்க்கு ஊர் உண்டு, மரம் உண்டு, பயந்தவர்கள் உண்டு. எழுத்தாளரின் கதையில் வரும் பேய், அவர் சொல்ல நினைத்த ஒரு கருத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. அப்படிப்பட்ட கதை சாமி குடியிருக்கும் ஒரு மலைக்கு வரும்போது அந்தப் பேய்க்கு என்ன நடக்கிறது என்பதுதான் இங்கே நான் பார்த்தது.

கதை

ஹௌஃப் 1802இல் ஷ்டுட்கார்ட்டில் பிறந்தார். 1827இல், 25 வயது நிறைவதற்குச் சில நாள் முன் இறந்தார். 'குளிர்ந்த இதயம்' அவருடைய கடைசிக் கதைத் தொகுப்பில் வந்தது. களம் தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காடு.

பீட்டர் முங்க் கரி மூட்டும் தொழிலாளி. அப்பா இல்லை, அம்மா மட்டும். முகமெல்லாம் கரி பூசிக்கொண்டு திரியும் இந்தப் பிழைப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. காட்டில் ஓர் ஆவி உண்டு என்று அம்மா சொல்லியிருக்கிறாள்: கண்ணாடிக் குள்ளர். ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே பிறந்தவர்களுக்கு மட்டுமே, ஒரு பாட்டைச் சரியாகச் சொன்னால், அவர் தென்படுவார். பீட்டர் அந்த நேரத்தில் பிறந்தவன். குள்ளர் மூன்று வரம் தருகிறார். மூன்றாவது அசட்டு வரமாக இருந்தால் மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. பீட்டர் முதலில் ஊரிலேயே நன்றாக நடனமாடும் திறமையும், பணக்கார எசேக்கியேலின் பையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பணமும் கேட்கிறான். அடுத்து ஒரு கண்ணாடித் தொழிற்சாலை. 'அறிவைக் கேட்காமல் போனாயே' என்று கடிந்துகொண்டு மூன்றாவதைக் குள்ளர் தன்னிடமே வைத்துக்கொள்கிறார்.

சூதாட்டத்தில் எசேக்கியேலின் பணம் முழுவதையும் பீட்டர் ஜெயிக்கிறான். அந்த நொடியில் எசேக்கியேலின் பை காலி. வரத்தின்படி பீட்டரின் பையும் காலி. தொழிற்சாலையும் கடனில் போகிறது. அடுத்து அவன் போய் நிற்பது ஹாலந்து மிஷல் என்ற ராட்சதனிடம். மிஷல் அவன் இதயத்தை வாங்கிக்கொண்டு கல் இதயம் ஒன்றை வைத்து, ஒரு லட்சம் கூல்டன் நாணயம் தருகிறான். மிஷலின் வீட்டில் அலமாரி நிறையக் கண்ணாடிச் சாடிகள். ஒவ்வொன்றிலும் ஓர் இதயம், ஒவ்வொன்றின் மேலும் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் பெயர்.

கல் இதயத்தோடு பீட்டர் வட்டிக்காரன் ஆகிறான். லிஸ்பெத் என்ற நல்ல பெண்ணைக் கட்டுகிறான். வாசலுக்கு வந்த ஒரு கிழவருக்கு அவள் ரொட்டியும் ஒயினும் கொடுத்ததற்காகச் சாட்டைக் கம்பால் அடிக்கிறான். அவள் விழுந்து இறந்துபோகிறாள். கிழவராக வந்தவர் கண்ணாடிக் குள்ளர். திருந்த எட்டு நாள் தவணை. கடைசியில் குள்ளர் சொல்லிக்கொடுத்த தந்திரத்தாலும், அவர் கொடுத்த சின்னக் கண்ணாடிச் சிலுவையாலும் பீட்டர் இதயத்தை மீட்கிறான். லிஸ்பெத் உயிரோடு திரும்புகிறாள். பீட்டர் கரி மூட்டும் தொழிலுக்கே திரும்புகிறான்.

இந்தக் கதையை ஏன் எடுத்தேன்

மேல்பழனி மலையில் காடு என்றால் சோலை மட்டும் இல்லை. நட்டு வளர்த்த சீகை, கற்பூர மரம், பைன் எல்லாம் சேர்ந்துதான் காடு. மரம் வெட்டி லாரியில் இறங்குவதைப் பார்க்காத பிள்ளை இங்கே கிடையாது. ஹௌஃபின் கருங்காட்டிலும் மூன்று தொழில்கள்: கரி மூட்டுவது, கண்ணாடி காய்ச்சுவது, மரங்களைக் கட்டுமரமாகப் பிணைத்து ரைன் ஆற்றில் ஹாலந்துக்கு அனுப்புவது. மூன்றும் காட்டைத் தின்று வாழ்பவை. கண்ணாடி உலைக்கு விறகும் வேண்டும், மரச் சாம்பலும் வேண்டும். ஹாலந்தின் கப்பல் பட்டறைகளுக்கு நெட்டையான மரங்கள் வேண்டும். ஆகவே கண்ணாடிக் குள்ளர், ஹாலந்து மிஷல் என்ற இரண்டு ஆவிகளும் இரண்டு பொருளாதாரங்களின் முகங்கள். ஊரோடு இருந்து அளவாகப் பிழைக்கும் தொழிலுக்கு ஒருவர். தொலைதூரச் சந்தைக்கும் அங்கிருந்து வரும் பணம், குடி, சூதுக்கும் மற்றவன்.

மிஷலைப் பற்றி ஹௌஃப் சொல்லும் ஒரு நம்பிக்கை பிள்ளைகளை உலுக்கிவிட்டது. புயல் இரவில் மிஷல் காட்டில் ஒரு மரத்தைச் சாய்க்கும்போதெல்லாம், அவன் முன்பு விற்ற மரங்களில் ஒன்று எங்கோ கடலில் ஓடும் கப்பலிலிருந்து பிதுங்கி விழுமாம். தண்ணீர் புகுந்து ஆளும் சரக்கும் மூழ்குமாம். வெட்டிய மரத்துக்கு வெட்டியவன் எவ்வளவு தூரம் பொறுப்பு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன கதை எனக்குத் தெரியாது.

சாமியின் சட்டையைப் பிடிக்க மாட்டேன்

முதல் வாசிப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஒருமனதாகச் சொன்ன யோசனை: கண்ணாடிக் குள்ளரைக் குழந்தை வேலப்பராக மாற்றிவிடலாம். காரணம் புரிந்தது. பூம்பாறைக் கோயில் முருகன் பெயரே குழந்தை வேலப்பர். சின்ன உருவம், மலைக்காரர், வரம் தருபவர். ஒரு பெண் வள்ளியையும் உள்ளே கொண்டுவரலாமா என்று கேட்டாள். நான் தடுக்கவில்லை. சில நாள் அப்படியே ஒத்திகை போனது.

கதையில் ஓர் இடம் வருகிறது. பணமெல்லாம் போன ஆத்திரத்தில் பீட்டர் குள்ளரின் சட்டைக் கழுத்தைப் பிடித்து உலுக்குகிறான். குள்ளர் உலையில் இருந்து எடுத்த கண்ணாடி போலக் கனன்று அவன் கையைச் சுடுகிறார். பீட்டராக நடித்த பையன் அங்கே நின்றுவிட்டான். "வேலப்பர் சட்டையை நான் புடிக்க மாட்டேன் டீச்சர். நடிப்புன்னாலும் மாட்டேன்." வேறு பையனைக் கூப்பிட்டேன். அவனும் மாட்டேன் என்றான். அடுத்த வகுப்பு வரை யாரும் முன்வரவில்லை.

இதைப் பயம் என்று எடுத்துக்கொள்வது போதாது. நம் மரபில் சாமியோடு சண்டை போடலாம். கண் பார்வை போன சுந்தரர் திருவாரூரில் இறைவனைப் பார்த்து 'வாழ்ந்து போதீரே' என்றே பாடினார். கேட்டது நடக்காவிட்டால் சாமியை வாய்விட்டு ஏசும் பெண்களை இந்த மலையிலேயே பார்க்கலாம். ஆனால் அந்த ஏச்சு, காலமெல்லாம் அடிமைப்பட்டவர் உரிமையோடு ஏசும் ஏச்சு. பீட்டருக்கும் குள்ளருக்கும் அப்படி ஒரு பந்தமே இல்லை. ஒரு பாட்டு, மூன்று வரம், அத்தோடு முடிந்தது. பீட்டர் குள்ளரைப் பிடித்து உலுக்குவது, ஏமாந்த வாடிக்கையாளர் கடைக்காரரைப் பிடிப்பது.

இதே விஷயத்தை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வேறு பக்கத்திலிருந்து கேட்டாள். "மூணு வரம் குடுத்தாரு, சரி. அதுக்கு அவன் என்ன செஞ்சான்? ஒரு மொட்டைகூடப் போடலையே?" தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி எடுத்துப் போகும் குடும்பத்துப் பெண் அவள். வரம் வாங்கினால் நேர்த்திக்கடன் உண்டு என்பது அவளுக்குக் கணக்கு. கேட்கும் முன்பு தவம், கிடைத்த பின்பு கடன். இரண்டுக்கும் நடுவில்தான் நம் கதைகளில் வரம் இருக்கிறது. சூரபன்மன்கூடத் தவம் செய்துதான் வாங்கினான். பீட்டர் பிறந்த நேரத்தைத் தவிர வேறெதையும் கொடுக்கவில்லை. பின்பு எதையும் திருப்பிக் கட்டவும் இல்லை. ஹௌஃபின் குள்ளர் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: யோசித்துக் கேள். அவர் ஒரு வாத்தியாரைப் போல நடந்துகொள்கிறார். தெய்வத்திடம் எதிர்பார்ப்பதை அவரிடம் ஏற்றினால் இரண்டு பேரும் கெடுகிறார்கள்.

வேலப்பர் நாடகத்திலிருந்து வெளியேறினார். குள்ளர் தன் கூர்த்தொப்பியோடும் சிவப்புக் காலுறையோடும் கருங்காட்டுக்காரராகவே திரும்பி வந்தார். அன்றே பீட்டரும் அவர் சட்டையைப் பிடித்தான்.

ஆனால் அதே குள்ளர் பிச்சைக்காரக் கிழவராக லிஸ்பெத்தின் வாசலுக்கு வரும் காட்சிக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. வந்திருப்பது யார் என்று பார்த்துக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகளே முதலில் சொல்லிவிட்டார்கள். மழை இரவில் வந்த அடியாருக்கு விதைத்த நெல்லையே வாரிக்கொண்டு வந்து சோறு போட்ட இளையான்குடி மாறரின் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, வாசலில் நிற்கும் கிழவரைச் சந்தேகிக்காமல் இருப்பதுதான் கடினம். லிஸ்பெத் உயிர் பெற்று வருவதும் அவர்களுக்கு விநோதமாகத் தெரியவில்லை. சிறுத்தொண்டரின் மகன் சீராளன் திரும்பி வரவில்லையா? குள்ளரைத் தெய்வமாக ஏற்க மறுத்தவர்கள், அவர் தெய்வத்தின் வேலை ஒன்றைச் செய்யும்போது தயங்காமல் ஏற்றுக்கொண்டார்கள். நானும் இதை எதிர்பார்க்கவில்லை.

அவர் எப்படிச் செத்தார்?

குள்ளர் மூலக்கதைப்படி ஆவியாகவே இருக்கட்டும் என்று முடிவானதும் அடுத்த கேள்வி வந்தது. "அப்ப அவரு எப்படிச் செத்தாரு டீச்சர்?"

நியாயமான கேள்வி. இங்கே ஆவி என்றால் ஒருகாலத்தில் ஆளாக இருந்தது. தூக்குப் போட்டதோ, பள்ளத்தில் விழுந்ததோ, ஆசை தீராமல் போனதோ, ஒரு சாவு இருக்கும். பழையனூர் நீலிக்கு அவளைக் கொன்ற கணவன் உண்டு. அதனால்தான் அவளுக்குப் பழி உண்டு. ஊர்க் காவல் தெய்வங்கள் பலவும் கொலையுண்டவர்கள் தெய்வமானவர்கள். பேய் வடிவமும் நம்மிடம் இழிவு மட்டும் இல்லை. காரைக்கால் அம்மையார் அந்த வடிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆலங்காட்டில் இறைவன் ஆடும்போது பாடினார். பேய்க்குள் ஓர் ஆள் எப்போதும் இருக்கிறார்.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்ட ஆவிகள் வேறு வழியில் வந்தவை. 16ஆம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸ், நீர், காற்று, மண், நெருப்பு நான்கிலும் வாழும் உயிர்களைப் பற்றி எழுதினார். அவை மனிதரைப் போலவே உண்ணும், பேசும், பிள்ளை பெறும். ஆனால் ஆன்மா கிடையாது. இந்த ஒரு வரியிலிருந்து ஒரு பெரிய இலக்கியமே முளைத்தது. ஜெர்மன் எழுத்தாளர் ஃபூக்கே 1811இல் எழுதிய 'உண்டீனே'யில் நீர்ப்பெண் ஒரு வீரனை மணந்து ஆன்மாவைப் பெறுகிறாள். பெற்ற பிறகுதான் துன்பமும் தொடங்குகிறது. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் கடல்கன்னி (1837) காதலனை அடையவில்லை. காற்றின் மகள்களில் ஒருத்தியாகி, நற்செயலால் 300 ஆண்டில் ஆன்மாவை ஈட்டும் வாய்ப்பை மட்டும் பெறுகிறாள். ஆன்மா இல்லாத ஒன்று அதற்கு ஏங்குவதுதான் அந்தக் கதைகளின் துடிப்பு. நம் ஊர்ப் பேய்க்கு ஆன்மா பற்றிய குறையே இல்லை. ஆன்மா மட்டும் மிச்சமாகி, உடம்பும் நிம்மதியும் இல்லாமல் போனதுதான் அதன் துயரம். இரண்டு துயரங்களும் நேர் எதிர்த் திசையில் நடக்கின்றன. கடல்கன்னியை மோகினியாகவோ, உண்டீனேயை நீலியாகவோ மாற்றித் தமிழில் தருபவர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. அவர் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை, காடு இருக்கும் வரை இருப்பார் என்று சொன்னேன். கேட்ட பையன் திருப்தியாகத் தலையாட்டினான்: "அப்ப வனதேவதை மாதிரி."

நான் விட்டுக்கொடுக்காத ஓரிடம்

மிஷலை யாராக்குவது என்ற பேச்சில் ஒருவன், காட்டுக்குள்ளே இருக்கும் மந்திரவாதியாக்கலாம், வில்லும் இலைதழையும் கட்டிவிடலாம் என்றான். சினிமாவில் பார்த்ததைச் சொன்னான். அதை அந்த நிமிடமே நிறுத்தினேன். பிள்ளைகளின் விருப்பத்துக்கு விடாமல் நானே முடிவெடுத்த இடம் இது ஒன்றுதான்.

பழனி மலையின் காடுகளில் பளியர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் பள்ளிக்கு வருகிறார்கள். மலைவாழ் மனிதர் ஒருவரை அரக்கனாக்கி மேடையேற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு நீலகிரியில் ரத்தம் தோய்ந்த சான்று இருக்கிறது. அங்கே குறும்பர்களைச் சூனியக்காரர்கள் என்று சுற்றியிருந்த மற்றவர்கள் அஞ்சினார்கள். நோய் வந்தாலும் மாடு செத்தாலும் பழி அவர்கள் மேல் விழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பழியால் குறும்பர் குடும்பங்கள் கொல்லப்பட்டதை ஆங்கிலேயர் காலத்துப் பதிவுகள் சொல்கின்றன. கதையில் அரக்கன் என்பவன் ஒரு கற்பனை. அந்தக் கற்பனைக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைக் கொடுத்தால் அது கற்பனையாக நிற்பதில்லை.

மேலும், ஹௌஃப் எழுதிய மிஷல் காட்டின் பூர்வகுடி கிடையாது. ஒரு மரவியாபாரியிடம் கூலிக்கு வந்து சேர்ந்தவன். சந்தையைக் காட்டிக் கூட்டாளிகளை மயக்கியவன். பிள்ளைகளிடம் அதைப் படித்துக் காட்டினேன். அதன் பிறகு அவர்களே மிஷலுக்கு முழங்கால் வரை பூட்ஸ் மாட்டி, மரத்தின் சுற்றளவை அளக்கும் டேப்பை இடுப்பில் தொங்கவிட்டார்கள். மூலக்கதைக்கு இதைவிட விசுவாசமான மிஷல் வேண்டியதில்லை.

மற்றவர்களின் இதயங்கள்

இனி, கதை மாறிய இடம்.

மூலத்தில் முடிவு இப்படி: பீட்டர் மிஷலிடம் போய், 'நீ என் இதயத்தை எடுக்கவே இல்லை, ஏமாற்றிவிட்டாய்' என்று சீண்டுகிறான். நிரூபிப்பதற்காக மிஷல் அவன் உண்மை இதயத்தை மறுபடி மார்பில் வைக்கிறான். உடனே பீட்டர் கண்ணாடிச் சிலுவையைத் தூக்கிப் பிடித்துப் பிரார்த்திக்கிறான். மிஷல் சுருங்கிச் சுருங்கிப் புழுவைப் போலப் புரண்டு முனகுகிறான். சாடிகளில் இருக்கும் இதயங்கள் எல்லாம் துடிக்கத் தொடங்குகின்றன. பீட்டர் பயந்து ஓடுகிறான். அவ்வளவுதான், மிஷல் அதன் பிறகு கதையில் இல்லை.

சிலுவையைப் பற்றி அதிகம் பேச்சு எழவில்லை. திருநீறு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார், வேல் வைக்கலாமா என்று இன்னொருவர். ஊரில் கோயிலுக்குப் போகும் வீடும் உண்டு, சர்ச்சுக்குப் போகும் வீடும் உண்டு. கதை நடக்கும் ஊர் கிறிஸ்தவ ஊர், அதனால் சிலுவை சிலுவையாகவே இருக்கும் என்று சொன்னதும் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

சிக்கல் சாடிகளில் வந்தது. சாடி பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை ஆறாம் வகுப்புப் பொடிசுகளுக்கு. ஒத்திகை முடியும்போது அதில் ஒருத்தி சாடியைக் கீழே வைக்காமல் கேட்டாள்: "பீட்டருக்குக் கெடைச்சிருச்சு. இது எசேக்கியேல் இதயம். இத யாரு குடுப்பா?"

ஹௌஃபின் கதையில் யாரும் கொடுப்பதில்லை. எசேக்கியேலும், ஊரின் நடனக்காரனும், தானியத்தைப் பதுக்கி விற்றவனும் கல் இதயத்தோடுதான் மிச்ச நாளை ஓட்டியாக வேண்டும். நான் பல முறை படித்த கதை. அந்தச் சாடிகளைப் பற்றி இந்தச் சின்னப் பெண் கேட்ட அளவுக்கு வலியோடு எந்த விமரிசகரும் கேட்டு நான் படித்ததில்லை.

கேள்வி வீடுகளுக்குப் போனது. ஒரு மாணவனின் அப்பத்தா, பூண்டுக் காட்டு வேலை முடித்துப் பேரனைக் கூட்டிப்போக வந்தவர், வராந்தாவில் உட்கார்ந்து முழுக்கதையையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னது: "தோத்தவனுக்கு ஒரு எடம் குடுக்கணும்ல தாயி. எடம் இல்லாதவந்தான் திரும்பத் திரும்ப வருவான்." பிறகு இடும்பன் கதையைச் சொன்னார்.

பழனிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அந்தக் கதை தெரியாதவர் யாரும் இல்லை. அகத்தியர் சொற்படி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்தான் இடும்பன் என்ற அசுரன். இளைப்பாற இறக்கி வைத்தவனால் மறுபடி தூக்க முடியவில்லை. குன்றின் மேல் கையில் தண்டோடு நின்ற சிறுவனோடு மோதி உயிரை விட்டான். அவன் மனைவி இடும்பி அழுதாள். முருகன் அவனை எழுப்பித் தன் மலைக்குக் காவலாக்கினார். அவனைப் போலவே காவடி எடுத்து வருபவர்களுக்கு அருள் உண்டு என்றார். இன்றும் பழனி மலைக்கு எதிரே இடும்பன் மலை இருக்கிறது, அவனுக்குக் கோயிலும் இருக்கிறது. கந்தபுராணத்துச் சூரபன்மனும் அழிந்துபோகவில்லை. மாமரமாக நின்றவன் வேலால் இரண்டாகப் பிளந்து மயிலும் சேவலும் ஆனான். ஒன்று வாகனம், மற்றது கொடி.

பேரன் இன்னொன்றை எடுத்துக்கொடுத்தான்: பூம்பாறைக் கதை. அருணகிரிநாதர் அங்கே தங்கி உறங்கும்போது ஒரு ராட்சசி அவரைக் கொல்ல வந்தாள். முருகன் குழந்தையாகி அவர் மேல் கிடந்து விளையாடினான். காவித்துணியும் குழந்தையும் கண்ணில் பட, யாரோ ஒரு தாய் பிள்ளையோடு படுத்திருக்கிறாள் என்று நினைத்து அவள் விலகிப் போனாள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, ராட்சசி தோற்கவே இல்லை என்பது. அவளுக்குள்ளேயே ஒரு வரம்பு இருந்தது. தாயையும் பிள்ளையையும் தொடமாட்டாள்.

இதை மிஷலோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகிறது. ஹௌஃபின் அரக்கனுக்குள் அப்படி ஓர் இடுக்கு வைக்கப்படவில்லை. அவனை ஏமாற்றலாம், சிலுவையால் சுருக்கலாம்; திருத்த முடியாது, வேலைக்கு வைக்கவும் முடியாது. நல்லது ஒரு பக்கம், தீயது ஒரு பக்கம் என்று கோடு போட்ட சமயப் பின்னணி அது. ஆண்டர்சனின் 'பனி ராணி'யிலும் (1844) பிசாசு செய்த கண்ணாடி வானத்தில் உடைந்து அதன் சில்லுகள் மனிதர் கண்ணிலும் நெஞ்சிலும் புகுகின்றன. 'கை' என்ற பெயருள்ள சிறுவனின் நெஞ்சில் புகுந்த சில்லு அவன் தோழி கெர்டாவின் கண்ணீரில் கரைகிறது, உலகெங்கும் சிதறிய மற்றச் சில்லுகள் அப்படியே இருக்கின்றன. தனி ஒருவர் மீள்வதுதான் அங்கே கதை. எங்கள் மலையில் கதை கேட்பவர்களுக்கு அரக்கன் எங்கே போய் உட்கார்ந்தான் என்று தெரியாமல் கதை முடியாது.

பிள்ளைகள் எழுதிய முடிவில் மிஷல் புழுவாகச் சுருங்கியதும் பீட்டர் ஓடவில்லை. சாடி பிடித்த பிள்ளைகள் மிஷலைச் சுற்றி நின்று, ஒவ்வொரு பெயராகப் படிக்கிறார்கள். ஒவ்வொன்றையும் உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை மிஷலுக்கு. முடித்த பின் அவன் காட்டின் வாசலில் காவல். கோடரியோடு வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அவனிடம் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அளவு டேப் இடுப்பிலேயே இருக்கிறது. இப்போது அது எத்தனை மரம் நிற்கிறது என்று பார்ப்பதற்கு.

இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்காக மூலத்தை இது மேம்படுத்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஹௌஃப் சாடிகளை அப்படியே விட்டதில் ஒரு கடுமையான உண்மை இருக்கிறது. ஒரு பீட்டர் திருந்தியதால் ஹாலந்துக்குப் போகும் மரம் நிற்கப்போவதில்லை. பணத்துக்கு இதயத்தை விற்றவர்கள் ஊரில் மரியாதையோடு வாழ்ந்துகொண்டுதான் இருப்பார்கள். விரைவிலேயே சாகவிருந்த 24 வயது இளைஞர் அதை மூடி மறைக்காமல் எழுதினார். இடும்பனுக்கு இடம் கொடுக்கும் நம் வழியில் ஆறுதல் அதிகம். அந்தக் குளிர் காணாமல் போய்விடுகிறது. இரண்டையும் பார்வையாளர்கள் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் வாதாடினேன். கடைசியில் கட்டியங்காரன் வந்து ஹௌஃபின் முடிவைச் சொல்லி, சாடிகளை மேடையிலேயே வைத்துக் கொஞ்ச நேரம் ஆட்டத்தை நிறுத்துவது, பிறகு தங்கள் முடிவை நடித்துக் காட்டுவது என்று ஒத்துக்கொண்டார்கள். விழா அன்று அப்படியே நடந்தது. அந்த இடைவெளியில் கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர், "அதை அப்படியே உட்டுப் போகாதீங்கப்பா" என்று உரக்கச் சொன்னார்.

அடுத்த கதை

வரும் ஆண்டுக்கு ஆண்டர்சனின் 'ஒரு தாயின் கதை' (1847). இறந்த குழந்தையைத் தேடி ஒரு தாய் சாவின் பின்னால் போகிறாள். வழி காட்டுவதற்காக முட்புதரை நெஞ்சில் அணைத்துச் சூடேற்றுகிறாள், ஏரிக்குக் கண்களைக் கொடுக்கிறாள், ஒரு கிழவிக்குத் தன் கறுத்த கூந்தலைக் கொடுத்து அவளுடைய நரைமுடியை வாங்கிக்கொள்கிறாள். சாவு அங்கே கடவுளின் தோட்டக்காரன். அவன் பசுமைக்குடிலில் ஒவ்வொரு செடியும் ஓர் உயிர். பாலிஹவுஸும் நாற்றங்காலும் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தத் தோட்டத்தை விளக்க வேண்டியிருக்காது.

எமன் வருவான் என்பதும் எனக்குத் தெரியும். முதல் வாசிப்பிலேயே யாராவது எருமையையும் பாசக்கயிற்றையும் கேட்பார்கள். இந்த முறை அந்தப் பேச்சை நானே முதல் நாளில் தொடங்கப்போகிறேன். எமனோடு வாதாடலாம், சாவித்திரி வாதாடி ஜெயித்தாள், நசிகேதன் கேள்வி கேட்டே பாடம் வாங்கினான், மார்க்கண்டேயனுக்காகத் திருக்கடையூரில் எமன் உதையே வாங்கினான். ஆண்டர்சனின் தோட்டக்காரன் வாதாட வாய்ப்பே தருவதில்லை. கிணற்றுக்குள் இரண்டு வாழ்க்கைகளைக் காட்டுகிறான். ஒன்றில் இன்பம், ஒன்றில் துன்பம், எது உன் பிள்ளையுடையது என்று சொல்ல மாட்டான். தாய் மண்டியிட்டுப் பிள்ளையைக் கடவுளின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறாள். சாவித்திரியைக் கேட்டு வளர்ந்த ஒரு பெண் அந்த இடத்தில் மண்டியிடச் சம்மதிப்பாளா என்பதைத்தான் ஒத்திகையில் முதலில் பார்க்க வேண்டும். தாயாக நடிக்க எட்டாம் வகுப்பில் இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கிணற்றுக் காட்சியை இரண்டு பேரையுமே தனித்தனியாக நடிக்கச் சொல்லிவிட்டு, பிறகுதான் பாத்திரத்தை முடிவு செய்வேன்.